எல்லைத் தூணுக்கு ஒரு பெயர்

மிங்கலா தாங்ஞுன்ட், யாங்கோன்
3 மே 1998

அன்புள்ள ரஹீமா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கை ஸமீரா எழுதுவது. இங்கே உம்மா, சின்ன ராத்தா ஜைனப், நான் மூவரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அங்கே சலாலாவில் உங்கள் சுகத்தையும் அஷ்ஃபாக் மச்சான் சுகத்தையும் கேட்டு உம்மா தினமும் தபால்காரர் வரும் வழியைப் பார்க்கிறார்கள்.

உம்மாவின் மணிக்கட்டு வலி குறையவில்லை. கொசுவலைக்கு ஓரம் தைக்கும் வேலையை இப்போது முழுவதும் நானே செய்கிறேன். மிங்கலா மார்க்கெட் கடைக்காரர் என் தையல் நேராக இருக்கிறது என்று உம்மாவிடம் சொன்னாராம். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே வரவில்லை.

கவர்மெண்ட் மூடிய காலேஜ் இன்னும் திறக்கவில்லை. பத்தாவது பாஸ் செய்த சின்ன ராத்தா ஒன்றரை வருடமாக வீட்டில் உட்கார்ந்து, படித்த புத்தகத்தையே திரும்பப் படிக்கிறாள்.

நீங்கள் அனுப்பிய போட்டோ வந்தது. சுற்றிலும் மணல், நடுவில் தனியாக ஒரு வெள்ளைத் தூண், மச்சான் ஒரு கால் ஓமனிலும் ஒரு கால் யமனிலும் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். வழக்கம்போல அஸர் தொழுதபின் உம்மாவும் சின்ன ராத்தாவும் உட்கார, நான் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். வாப்பா மௌத்தான பிறகு இந்த வீட்டில் தமிழ் எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதானே. நீங்களும் நானும் பள்ளிவாசல் மாடியில் தமிழ் படித்த நாட்களில் சின்ன ராத்தா டியூஷனுக்குப் போனாள். அவளுக்குப் பர்மிய எழுத்து, இங்கிலீஷ் எழுத்து எல்லாம் வரும். தமிழ் வராது. உங்களுக்குப் பர்மிய எழுத்து வராது. அதனால் நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதும் என் வாய் வழியாகத்தான்.

படித்து முடிப்பதற்குள் அவள் போட்டோவை எடுத்துத் தன் கண்ணாடியில் செருகிவிட்டாள். எனக்கு வந்தது என்று சொன்னேன்.

"கவர்ல உன் பேர் இருந்தா மச்சானும் உனக்கு மட்டும் மச்சானா?" என்றாள்.

"சண்டை போட்டீங்கன்னா அந்தத் தூணை நடுவுல வெட்டி ஆளுக்குப் பாதி தருவேன்" என்று உம்மா சொன்னார்கள். போட்டோ அவள் கண்ணாடியில்தான் இருக்கிறது.

அந்தத் தூணுக்கு யார் வேண்டுமானாலும் போகலாமா? எழுதுங்கள்.

உங்கள் துஆவை நாடும்
ஸமீரா

*

சலாலா
29 மே 1998

என் கண்ணான தங்கச்சி ஸமீராவுக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். நானும் மச்சானும் நலம். உம்மாவின் கைக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். இங்கே வேலை பார்க்கும் பீர் முகைதீன் காக்கா லீவில் ரங்கூன் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

தூணைப் பற்றிக் கேட்டாய். நினைத்தவுடன் போக முடியாது. மச்சான் எல்லைக் காவல்காரர்களுக்குத் தண்ணீர் வண்டி ஓட்டுவதால்தான் அவருக்கு வழி தெரியும். எங்கள் ஊர்ப் பக்கம் கடலும் தென்னை மரமும், மலையைத் தாண்டினால் ஒரே மணல். டிசம்பர், ஜனவரி தவிர மற்ற மாதங்களில் வெயில் ஆளைக் கொன்றுவிடும். ஒற்றை வண்டியில் போகக் கூடாது. ஒன்று புதைந்தால் இழுக்க இன்னொன்று வேண்டும். மணல் தொடங்கும் இடத்தில் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும். போகிறவர்கள் பெயரை மூன்று மாதம் முன்பே கொடுத்துப் பாஸ் வாங்க வேண்டும். வருகிற நோன்புப் பெருநாள் முடிந்ததும் போகலாம் என்று மச்சான் சொல்லியிருக்கிறார்.

தூணின் அடியில் ஒரு கல் குவியல் இருக்கிறதாம். போகிறவர் ஒவ்வொருவரும் ஒரு கல்லில் தன் பெயரையும் ஊரையும் பெயிண்டால் எழுதி வைக்கிறார்கள். மலையாளம், உருது, வங்காளம் எல்லாம் உண்டு. தமிழில் மச்சானுடைய கல் ஒன்றுதான். ஒருவருக்காக இன்னொருவர் எழுதக் கூடாது. வந்தவர் தன் கையால் எழுத வேண்டும். அது அங்கே போகிறவர்கள் தாங்களாக வைத்துக்கொண்ட சட்டம்.

பின்னால் தண்ணீரும் பெட்ரோலும் ஏற்றினால் எங்கள் வண்டியில் மூன்று பேருக்குத்தான் இடம். மச்சான், நான், இன்னொருவர். அந்த இடத்தில் நம் வீட்டுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஆறு மாத விசா எடுக்கலாமா என்று மச்சான் விசாரிக்கிறார். முடிவானதும் எழுதுகிறேன்.

உம்மாவுக்கும் ஜைனபுக்கும் என் ஸலாம்.

ராத்தா ரஹீமா

*

யாங்கோன்
24 ஜூன் 1998

பிரியமுள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். வீட்டில் எல்லாரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது. வலைத் துணி காயவில்லை, அதனால் கையில் வேலை குறைவு, எழுத நேரம் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை முழுவதும் படித்துக் காட்டினேன். வண்டியில் ஓர் இடம் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். உம்மா சிரித்தார்கள். சின்ன ராத்தா நகத்தைப் பார்த்துக்கொண்டே, "அவ்ளோ தூரம் போய் யாரு மணலைப் பாக்கறது?" என்றாள். பாருங்கள் ராத்தா, அவளுக்கு அதில் ஆசையே இல்லை.

எனக்குச் சில சந்தேகங்கள். மணலில் ரப்பர் செருப்பு நிற்குமா? லோன்ஜி கட்டிக்கொண்டு அந்த வண்டியில் ஏற முடியுமா, இல்லை சல்வார் தைத்துக்கொள்ள வேண்டுமா? முகத்துக்குத் தனாக்காச் சாந்து பூசினால் அந்த வெயிலுக்குத் தாங்குமா? பெயிண்ட் அங்கே கிடைக்குமா, நாம் கொண்டுபோக வேண்டுமா?

வலைக் கம்பத்துக்குப் பூசும் நீலப் பெயிண்ட் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கிணற்றடியில் கிடந்த ஒரு கல்லில் எழுதிப் பார்த்தேன். "ஸ" எழுதும்போது பெயிண்ட் வழிகிறது. தூரிகையைக் கொஞ்சம் துடைத்துவிட்டு எழுதினால் சரியாக வருகிறது. "ஸமீரா, யாங்கோன்" என்பது ஒரு கல்லுக்குச் சரியாகப் பொருந்துகிறது. யாரும் பார்க்கும் முன் கல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நான் அதிகம் பேச மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். வண்டியில் உங்களுக்குத் தொந்தரவாக இருக்க மாட்டேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்
ஸமீரா

*

சலாலா
20 ஜூலை 1998

தங்கச்சி ஸமீராவுக்கு,

ஸலாம். இங்கே தூறல் காலம். மலையெல்லாம் பச்சை. மற்ற ஊர்களில் இருந்து ஆட்கள் நனைவதற்கென்றே வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். நம் ஊர் மழையைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ.

உன் கடிதத்தை மச்சானிடம் படித்துக் காட்டினேன். செருப்பு விஷயத்துக்குச் சிரித்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

ஸமீ, விசா விசாரித்துவிட்டோம். ஜைனபை அனுப்பி வைக்கச் சொல்லி உம்மாவிடம் கேள். அவளிடம் அடையாள அட்டை இருக்கிறது, பாஸ்போர்ட் எடுக்கலாம். காலேஜும் மூடிக் கிடக்கிறது. உம்மாவின் கை இப்படி இருக்கும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும். பீர் முகைதீன் காக்கா மனைவியோடு செப்டம்பரில் ரங்கூன் வருகிறார், அக்டோபரில் திரும்புகிறார். அவர்களோடு அவள் வந்துவிடலாம். அட்டை நகலும் ஆறு போட்டோவும் உடனே அனுப்ப வேண்டும். பாஸுக்கும் அவள் பெயரைத்தான் கொடுக்கப் போகிறோம்.

ஒன்றரை வருடமாகச் சும்மா உட்கார்ந்திருப்பவளுக்கு இது ஒரு மாற்றமாக இருக்கும். நீ புரிந்துகொள்வாய் என்று தெரியும். உம்மாவிடம் நிதானமாகப் படித்துக் காட்டி, என்ன சொல்கிறார்கள் என்று எழுது. உம்மாவுக்கும் ஜைனபுக்கும் என் ஸலாம், அல்லாஹ் எல்லாருக்கும் சுகம் தரட்டும்.

உன்னை மறக்காத
ராத்தா

*

(அனுப்பாமல் வலைத் துணிக்கு அடியில் வைத்தது)

15 ஆகஸ்ட் 1998

ராத்தா,

உங்கள் கடிதம் நான்கு தாள். முதல் தாள் தூறல். இரண்டாம் தாள் மச்சான். மூன்றாம் தாளைத் தொடங்கும்போது என் வாய்க்கு முன்னால் என் கண் ஓடிவிட்டது.

"ஏன் நிறுத்திட்டே?" என்று உம்மா கேட்டார்கள்.

"எழுத்து மங்கலா இருக்கு."

"கண்ணாடி போடணுமோ என்னமோ. பதினாறு வயசுலயே" என்று சின்ன ராத்தா சொன்னாள்.

மூன்றாம் தாளை இரண்டாம் தாளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு நான்காம் தாளின் ஸலாமைப் படித்தேன். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. உம்மா ஆமீன் சொன்னார்கள். நான் நினைத்தது அதைவிடக் கஷ்டமாக இருக்கும் என்று.

எல்லாம் ஜைனபுக்கு. வாப்பா இருந்தபோது டியூஷன் அவளுக்கு. வாப்பா போனதும் யாராவது ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டும் என்று வந்தபோது ஏழாவதோடு பள்ளிக்கூடத்தில் இருந்து நின்றது நான். விருந்தாளி வந்தால் பேசுவது அவள், தேநீர் கொண்டுபோய் வைப்பது நான். நான் கேட்டதில்லை. எனக்கென்று நீங்கள் இருந்தீர்கள். உங்கள் கடிதத்தைப் பிரிப்பது நான், முதலில் பார்ப்பது நான். படிக்கிற அந்தக் கால் மணி நேரம் இந்த வீட்டில் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

அவள் அங்கே வந்துவிட்டால் நீங்கள் எனக்கு எழுதுவீர்கள். அவளைப் பற்றி எழுதுவீர்கள். ஜைனப் இதைச் சமைத்தாள், ஜைனப் கல்லில் பெயர் எழுதினாள் என்று. அதை நான் உட்கார்ந்து உம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

மணலை யார் பார்ப்பது என்று கேட்டவளுக்கு மணல். செருப்பு பற்றிக் கேட்டவளுக்கு உம்மாவின் கை. உம்மாவின் கையைப் பற்றி இப்படி எழுதுவது பாவம். எழுதிவிட்டேன்.

இதை அனுப்ப மாட்டேன். வேறு எழுதுகிறேன்.

*

யாங்கோன்
19 ஆகஸ்ட் 1998

மதிப்பிற்குரிய ராத்தாவுக்கு,

ஸலாம். இங்கே யாவரும் நலம். அங்கே உங்கள் நலனுக்கு துஆ செய்கிறோம்.

நீங்கள் எழுதிய விஷயத்தை உம்மா கேட்டு யோசித்தார்கள். வயதுக்கு வந்த பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப மனம் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். சின்ன ராத்தாவுக்கும் விருப்பமில்லை. அவ்வளவு தூரம் போய் யார் மணலைப் பார்ப்பது என்று அவளே சொன்னாள். நான் இதை ஏற்கெனவே உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

மற்றபடி விசேஷம் இல்லை. உம்மாவின் கை இப்போது கொஞ்சம் தேவலை. பக்கத்து வீட்டு டோ கின் வந்து உதவுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதனால் நான் இல்லாவிட்டாலும் சில மாதம் சமாளிக்கலாம் போலத்தான் தெரிகிறது. சும்மா எழுதுகிறேன்.

ஸமீரா

*

சலாலா
14 செப்டம்பர் 1998

ஸமீராவுக்கு,

ஸலாம். இதைப் பீர் முகைதீன் காக்கா கையில் கொடுத்தனுப்புகிறேன். உம்மாவுக்குத் தைலம், ஜைனபுக்கு ஒரு பேனா, உனக்கு ஒரு துணி. நீலம்.

உம்மாவின் முடிவு கிடைத்தது. வருத்தமில்லை என்று சொன்னால் பொய். இனி அந்தப் பேச்சை உம்மாவிடம் எடுக்க வேண்டாம் என்று காக்காவிடம் சொல்லிவிட்டேன். பெரியவர்கள் வேண்டாம் என்ற பிறகு வெளியாள் மூலம் கேட்பது மரியாதை இல்லை.

பாஸுக்குப் பெயர் கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. பக்கத்து வீட்டு சைதாவின் பெயரைக் கொடுத்துவிட்டோம். கீழக்கரைப் பெண். உன் வயதுதான். என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உம்மா என்ன வார்த்தை சொன்னார்கள்? சொன்னபடியே எழுது.

ரஹீமா

*

யாங்கோன்
12 அக்டோபர் 1998

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். நீலத் துணி கிடைத்தது. இன்னும் தைக்கவில்லை.

பீர் முகைதீன் காக்காவும் அவர் மனைவியும் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார்கள். மோஹிங்கா சாப்பிட்டுப் பத்து வருடம் ஆன மாதிரி காக்கா மூன்று கிண்ணம் சாப்பிட்டார்.

"என் மக மெலிஞ்சிருக்காளா தம்பி?" என்று உம்மா கேட்டார்கள்.

"இல்ல மாமி. அவங்க நல்லா இருக்காங்க. மாப்பிள்ளையத்தான் மெலிய வச்சிருக்காங்க."

"சமையல் அப்படியா?"

"சமையல் இல்ல மாமி, கேள்வி. ரங்கூனுக்கு என்னைக்குப் போறோம்னு தினம் ஒரு கேள்வி."

உம்மா சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சின்ன ராத்தா அவரிடம் தூணைப் பற்றித் தூண்டித் தூண்டிக் கேட்டாள். அங்கே இரவில் குளிருமா, எவ்வளவு மணி நேரம் ஆகும், யமன் பக்கம் ஆள் நடமாட்டம் உண்டா என்று. அவர் பதில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சைதா வருகிறாள் என்பதைப் படித்துக் காட்டினேன். உம்மா, "அந்தப் பொண்ணுக்கு எத்தனை வயசு?" என்று மட்டும் கேட்டார்கள். என் வயது என்றேன். உங்களை அவள் ராத்தா என்று கூப்பிடும் வரியை நான் படிக்கவில்லை.

காக்கா நேற்றுப் புறப்பட்டார். போகும்போது உம்மா அவரை வாசலில் நிறுத்தி ஏதோ பேசினார்கள். நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். காதில் விழவில்லை.

உம்மா சொன்ன வார்த்தையைக் கேட்டிருந்தீர்கள். அது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை.

ஸமீரா

*

சலாலா
9 நவம்பர் 1998

ஸமீராவுக்கு,

உனக்கும் உம்மாவுக்கும் ஜைனபுக்கும் என் ஸலாம்.

காக்கா வந்து சேர்ந்தார். மூன்று நாள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மச்சானை வெளியே அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னார். வாசலில் உம்மா சொன்னது இது: "பக்கத்து வீட்டுப் பொண்ணக் கூட்டிட்டுப் போறா. கூடப் பொறந்தவளக் கூப்பிடணும்னு என் மகளுக்குத் தோணலையே தம்பி. ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஜைனபை உங்க கூடவே அனுப்பியிருப்பேனே."

நான் கூப்பிட்டேன். உம்மாவுக்கு அது போய்ச் சேரவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

காக்கா தன் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு கேஸட்டில் பேசி அனுப்பும்மா, யாரும் படிக்க வேண்டியதில்லை என்றார். இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கேஸட் வந்துவிட்டால் அதற்குப் பிறகு உம்மா உன்னைப் படிக்கச் சொல்ல மாட்டார்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை உம்மாவுக்கும் ஜைனபுக்கும் படித்துக் காட்டு. ஜூலையில் நான் எழுதியதையும் எடுத்துப் படி. படித்தாயா இல்லையா என்று நான் யாரிடமும் கேட்கப் போவதில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். அதையும் அவர்கள் முன்னால்தான் படிக்க வேண்டும். விசாவுக்கு முதலில் கொடுத்தது உன் பெயர். அடையாள அட்டை எண் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அட்டைக்குப் பெயர் எழுதிய வருடம் நீ நின்றுவிட்டாய். அட்டை இல்லாமல் பாஸ்போர்ட் இல்லை. இதை எழுதினால் உனக்கு வலிக்கும் என்று உம்மாவின் கையைக் காரணம் காட்டினேன். அது என் தப்பு.

ரஹீமா

*

யாங்கோன்
23 டிசம்பர் 1998

ராத்தா,

ஸலாம். இன்று மூன்றாம் நோன்பு. உம்மாவும் சின்ன ராத்தாவும் சுகம்.

உங்கள் கடிதம் டிசம்பர் முதல் வாரமே வந்துவிட்டது. கடிதம் இல்லையா என்று உம்மா கேட்டபோதெல்லாம் இல்லை என்றேன். இரண்டு வாரம். நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள், அஸருக்குப் பிறகு, எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

முதல் வரியில் இருந்து படித்தேன். வாசலில் உம்மா சொன்னது வந்ததும் உம்மா, "நான் அந்தத் தம்பிகிட்ட சொன்னதுதானே இது" என்றார்கள். அதற்கு அடுத்த வரியில் கண் நின்றது. அதை விட்டுவிட்டு நேராகக் கடைசியில் உங்கள் பெயருக்குப் போயிருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது. நீங்களும் கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். படித்தேன். பிறகு ஜூலைக் கடிதத்தின் மூன்றாம் தாளை எடுத்துப் படித்தேன். என் அட்டை விஷயத்தையும் படித்தேன்.

பிறகு சின்ன ராத்தா, "மறுபடியும் படி" என்றாள். மூன்றாம் தாளை மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

மூன்றாம் தடவை முடிந்ததும் கேட்டாள்: "எனக்கு ஆசை இல்லன்னு எழுதுனியா?"

"நீதானே மணலை யாரு பாக்கறதுன்னு சொன்னே."

"உனக்குத்தான் இடம்னு நெனச்சேன். கெணத்தடியில நீ எழுதின கல்லையும் பாத்தேன். எனக்கும் ஆசைன்னு சொல்லியிருந்தா அன்னைக்கெல்லாம் நீ சோறு சாப்பிட்டிருக்க மாட்டே."

உம்மா அந்தத் தாளை என் கையில் இருந்து வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். எழுத்து தெரியாதவர்கள் ஒரு காகிதத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்பதை அதுவரை நான் கவனித்ததில்லை.

"இந்த ரெண்டு வருஷமா இன்னும் என்னென்னத்தப் படிக்காம விட்டே?"

"வேற ஒண்ணும் இல்ல உம்மா."

சைதா உங்களை எப்படிக் கூப்பிடுகிறாள் என்ற வரி அப்போது நினைவுக்கு வந்தது. அதையும் சொன்னேன். உம்மா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

மறுநாள் சஹர் சாப்பிட்டுப் பாத்திரத்தை எடுத்து வைக்கும்போது சின்ன ராத்தா நீங்கள் அனுப்பிய பேனாவோடு வந்து உட்கார்ந்தாள். "அ எப்படிப் போடணும்?" என்றாள். எழுதிக் காட்டினேன். அவ்வளவுதான் பேச்சு.

இந்தக் கடிதத்தை எழுதி முடித்து அவர்கள் இருவருக்கும் படித்துக் காட்டித்தான் ஒட்டுகிறேன். மன்னிக்கச் சொல்லி எழுத வந்தேன். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஸமீரா

*

சலாலா
30 ஜனவரி 1999

உம்மாவுக்கும் தங்கச்சிகள் இருவருக்கும் ரஹீமாவின் பெருநாள் ஸலாம்.

தூணுக்குப் போய் வந்தோம். விடியலில் ஃபஜ்ரு தொழுது புறப்பட்டு நடுப்பகல் ளுஹருக்குச் சேர்ந்தோம். ஒரு தடவை வண்டி புதைந்தது. போட்டோவில் பார்த்ததைவிடத் தூண் சின்னது. பக்கத்தில் நின்றால் என் தோள் உயரம்தான். காற்று மட்டும் விடாமல் அடிக்கிறது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மணல். சைதா தன் கல்லில் எழுதினாள், நான் என் கல்லில் எழுதினேன். மச்சான் ஒரு வெறும் கல்லைத் தேடி எடுத்துத் துடைத்து அவர் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அடுத்த குளிர்காலத்துக்குப் பெயர் கொடுக்க செப்டம்பர் கடைசி நாள்.

ஸமீ, உன் கடிதம் கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ரஹீமா

*

யாங்கோன்
2 ஏப்ரல் 1999

ராத்தா,

ஸலாம். நான் ஜைனப். இது என் கை.

உம்மா நலம். நான் நலம். கோணல் எழுத்துக்குச் சிரிக்க வேண்டாம். எனக்கு மூன்று மாதம் ஆனது. ஸமீரா சொல்லித் தந்தாள். நான் அவளிடம் எழுத்து மட்டும் கேட்டேன். அவள் எழுத்து மட்டும் சொன்னாள். நல்லாச் சொல்லித் தருகிறாள். பள்ளிக்கூட டீச்சரை விட நல்லா.

பாஸில் என் பெயர் எழுதுங்கள். அட்டை நகல், போட்டோ ஆறு, இதோடு வைத்திருக்கிறேன். மச்சான் வைத்த கல்லில் நானே எழுதுவேன். தமிழில் எழுதுவேன்.

உங்கள் பழைய கடிதம் எல்லாம் எடுத்து நானே படித்தேன். மெதுவாக. வலைத் துணிக்கு அடியில் இன்னொரு கடிதம் இருந்தது. உங்களுக்கு அவள் எழுதியது, அனுப்பாதது. அதைப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. முதல் நாள் கோபம் வந்தது. இரண்டாம் நாள் டியூஷன் பற்றி எழுதிய இடம் வந்தது. அதையும் இதோடு வைத்திருக்கிறேன். அது உங்களுடையது.

டவுன்ஷிப் ஆபீஸுக்கு நான்கு தடவை போனேன். ஸமீரா அட்டைக்கு மனு கொடுத்தேன். ஏழாம் வகுப்பு சர்டிபிகேட் கேட்டார்கள். பழைய பள்ளிக்கூடத்தில் வாங்கிக் கொடுத்தேன். எப்போது வரும் என்று தெரியாது. வரும் வரை அவளுக்குச் சொல்ல மாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம்.

அவள் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து வலைக்கு ஓரம் தைக்கிறாள். நீலத் துணியைத் தைத்துப் போட்டிருக்கிறாள். நான் என்ன எழுதுகிறேன் என்று ஓரக்கண்ணால் பார்க்கிறாள். இடது கையால் மறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஜைனப்